இரண்டு ராணிகளும் ஓர் இளைஞரும்

சங்க இதழில் சூதாட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். வள்ளுவர் சூதைக் கண்டிக்கத் தனி அதிகாரமே வகுத்திருப்பதை நாமும் அறிவோம். ஆயினும் மும்பையிலும் தில்லியிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் ஒன்றை மறைப்பதற்கில்லை. ஊரில் தாயமும் ரம்மியும் ஆடிய கைகள், இங்கே தீபாவளி இரவில் அண்டை வீட்டாருடன் மூன்று சீட்டு ஆடப் பழகின. பிள்ளைகளோ போக்கர் ஆடக் கற்றனர். கைபேசியில் பணம் வைத்து ஆடுவதை 2025-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடைசெய்தது; நேரில் அமர்ந்து ஆடும் மேசைகளின் கவர்ச்சி அதனால் குன்றிவிடவில்லை. நாமும் அம்மேசையில் அமர்ந்தோம், அடிபட்டோம். அந்த அனுபவம் பிறர்க்குப் பயன்படுமாயின் சொல்லிவிடுவதே நன்று.

2019-ஆம் ஆண்டு டிசம்பரில் நண்பர் மூவருடன் மும்பையில் இரயிலேறிக் கோவா சென்றோம். அங்கே 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்களின்படி கப்பல்களில் இவ்வாட்டங்களுக்கு அனுமதி உண்டு. பணஜியில் மாண்டவி ஆற்றில் நின்ற கப்பல் ஒன்றில் ஏறினோம். வீட்டில் சொல்லி எடுத்துச் சென்ற தொகை 20,000 ரூபாய். அதற்குமேல் ஒரு காசும் தொடுவதில்லை என்பது மனைவிக்கு அளித்த வாக்கு.

ஆட்டம் அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வோம். ஒவ்வொருவர்க்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லார்க்கும் பொதுவாக முதலில் மூன்று, பின் ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தே கணக்கு. கட்டந்தோறும் பந்தயம் உண்டு, அதற்கு வரம்பில்லை. கையிருப்பு முழுவதையும் ஒரே நொடியில் நடுவே தள்ளிவிடலாம். நம் கையிலுள்ள ஜோடி, திறந்த சீட்டுகள் அனைத்தினும் பெரிதாயின் அதனை ஓவர்பேர் என்பர். ஏதேனும் ஒரு ஜோடி கைக்கு வருவதே 17 ஆட்டத்துக்கு ஒருமுறை. இரண்டு ராணிகள் வருவது 221-இல் ஒருமுறை. வந்தாலும், நூற்றுக்கு 41 தடவை முதல் மூன்று சீட்டிலேயே ராஜாவோ ஆஸோ விழுந்து ராணிகளின் பெருமையைக் குலைத்துவிடும். ஆகவே ஓவர்பேர் அமைந்தால் மனம் துள்ளுவது இயல்பே. அது வெறும் ஒரு ஜோடிதான் என்பதை அத்துள்ளலில் மறந்துவிடுகிறோம்.

நமக்கு இடப்பக்கம் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். நமக்குப் பின்னால் ஆடும் வாய்ப்பு அவருக்கு. எவர் பந்தயம் கட்டினும் அதனை உயர்த்துவார், உயர்த்திவிட்டு நகைப்பார். இரவு பத்து மணியளவில் நமக்கு இரண்டு கறுப்பு ராணிகள் வந்தன. 800 ரூபாய் வைத்தோம். இளைஞர் மட்டுமே உடன்வந்தார். நடுவில் ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் எட்டு, டைமன் மூன்று. நாம் 1,200 கட்டினோம், அவர் 3,600 ஆக்கினார், ஈடுசெய்தோம். அடுத்து கிளாவர் நான்கு. நாம் கட்டாமல் விட்டோம். அவர் 6,000 வைத்தார்.

நெஞ்சு படபடத்தது. மேசையில் அனைவரும் நம்மையே நோக்கினர். சீட்டுகளை மடக்கி விட்டுவிட்டோம். இளைஞர் தம் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார்: ஆட்டின் ஆஸும் ஆறும். இன்னோர் ஆட்டினையோ ஆஸையோ எதிர்பார்த்து அடித்த அடி அது! பார்த்திராத 44 சீட்டுகளில் அவருக்கு உதவுவன 12 மட்டுமே. நூற்றுக்கு 73 பங்கு நாமே வென்றிருப்போம்.

உண்மையான தோல்வி அதன் பின்னரே வந்தது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பத்துகள் கிட்டின. நடுவில் ஒன்பது, எட்டு, ஆறு. மீண்டும் ஓவர்பேர்! இம்முறை நம் பந்தயத்தை உயர்த்தியவர் அவ்விளைஞர் அல்லர்; மாலை முழுதும் ஒருமுறையும் உயர்த்தாது அமைதியாய் இருந்த ஒரு பெரியவர். நாம் அதனை எண்ணிப் பார்க்கவில்லை. “இனியும் ஏமாறோம்” என்று, கையில் எஞ்சியிருந்த 15,000 சொச்சத்தையும் தள்ளினோம். பெரியவர் அமைதியாக இரண்டு ஆறுகளைக் காட்டினார். நடுவில் கிடந்ததோடு மூன்று ஆறுகள். நமக்கு உதவும் சீட்டு எதுவும் விழவில்லை.

கரைக்குத் திரும்பும் படகில் மூத்த நண்பர் சொன்னார்: “தம்பி, பையன்மேல் வந்த கோபத்துக்குப் பெரியவரிடம் அபராதம் கட்டிவிட்டாய்.” வேறு எவரும் பேசவில்லை.

அச்சொல்லை நெடுநாள் எண்ணினோம். ஓவர்பேருக்குத் தனியாக மதிப்பு என ஒன்றில்லை. எதிரே யார் என்பதைக் கொண்டே அதன் மதிப்பு ஏறி இறங்குகிறது. எதற்கும் அடிப்பவரிடம் நல்ல சீட்டும் இருக்கும், வெறுஞ்சீட்டும் இருக்கும், முற்றுப்பெறாத சீட்டும் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரு ஜோடி வெல்லும். அத்தகையவரைத் திருப்பி அடித்தால் வெறுஞ்சீட்டுக்காரர் ஓடிவிடுவார். நம்மை வெல்லக்கூடியவரே நிற்பார். ஆதலின் அவரை அடிக்கவிட்டு அமைதியாய் ஈடுசெய்து செல்வதே பெரும்பாலும் தக்கது. என்றும் அடிக்காதவர் அடித்தாலோ, ராணிகளையும் மடக்கி வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

விலையையும் கணக்கிட வேண்டும். அன்று நடுவில் இளைஞர் வைத்ததையும் சேர்த்து 15,100 இருந்தது. நாம் இடவேண்டியது 6,000. நூற்றுக்கு 29 தடவை வென்றாலே அவ்வீடு நட்டமாகாது. நாமோ கணக்கை விட்டுவிட்டு அவர் நகைப்பைக் கண்டு அஞ்சினோம். பெரியவரிடம் நடந்தது அதற்கு நேர்மாறு: சிறு தொகை கிடந்த இடத்தில் இருப்பு முழுவதையும் இறைத்தோம். நேரில் ஆடும் மேசையில் ஒரு மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்களே நடக்கும். எஞ்சிய பொழுதெல்லாம் பிறரைக் கவனிப்பதற்கே. நாம் அதனை மனம் புழுங்குவதில் செலவிட்டோம்.

2024 பிப்ரவரியில் மறுபடி சென்றோம். அதே 20,000, அதே வாக்கு. மீண்டும் இரண்டு ராணிகள். எதிரே அடித்தாடும் வேறோர் இளைஞர். நடுவில் பத்து, ஆறு, இரண்டு, பின் நான்கு. அவர் கட்டக் கட்ட, உயர்த்தாமல் ஈடுசெய்தே வந்தோம். இறுதிச் சீட்டு ஏழு. அப்போதும் ஈடுசெய்தோம். அவர் காட்டியவை பத்தும் ஏழும்; கடைசிச் சீட்டில் இரண்டு ஜோடி அமைந்துவிட்டது. அதற்குமுன் அவருக்கிருந்த வாய்ப்பு நூற்றுக்கு 11 பங்குதான்.

9,000 ரூபாய் போயிற்று. நாம் எழுந்து, எஞ்சிய 11,000 ரூபாயுடன் கரை சேர்ந்தோம். வீட்டில் கணக்கு ஒப்புவித்தபோது மனைவி கேட்டார்: “தப்பாக ஆடினீர்களா?” “இல்லை” என்றோம். அவர் நம் முகத்தைச் சற்று நோக்கிவிட்டுப் பணத்தை எண்ணிப் பெட்டியில் வைத்தார். 2019-இல் அவர் கேளாத கேள்வி அது. அன்று கேட்டிருப்பின் இவ்விடையை நம்மால் சொல்லியிருக்க இயலாது.