சிடி வேஷம் போட்ட மோடம்

அலமாரியை ஒழித்தபோது பழைய யூஎஸ்பி மோடம் ஒன்று கிடைத்தது. இன்று அதனால் ஒரு பயனும் இல்லை. அது நம்பியிருந்த சிடிஎம்ஏ சேவையே இந்தியாவில் போய்விட்டது. ஆனாலும் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2009-ஆம் வருடம். பெருங்களத்தூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு பிராட்பேண்ட் வரவில்லை. அப்பாவுக்கு மெப்ஸில் ஷிஃப்ட் வேலை. ஓவர்டைம் பார்த்த காசில் இரண்டாயிரத்துக்கும் மேல் கொடுத்து இந்த மோடத்தை வாங்கித் தந்தார். என் கம்ப்யூட்டரில் இருந்ததோ உபுண்டு 9.04. கனோனிக்கல் நிறுவனம் தபாலில் இலவசமாக அனுப்பிய சிடி (2011-இல் நிறுத்திவிட்டார்கள்).

செருகினேன். திரையில் ஒரு சிடி படம் வந்தது. அவ்வளவுதான். கடைக்கு ஓடினேன்.

"லினக்ஸா? அதுல எல்லாம் வராது தம்பி. பில் போட்டாச்சு, திருப்பி எடுக்க முடியாது."

அன்று ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார். "என்னப்பா, நெட் வந்துச்சா?"

"நாளைக்கு வந்துடும்பா." பொய்!

மறுநாள் தாம்பரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. மோடம் பழுதில்லை. விண்டோஸுக்கான டிரைவரை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதனால் செருகியதும் "நான் ஒரு சிடி டிரைவ்" என்று அறிமுகம் செய்துகொள்ளும். டிரைவர் பதிந்தபின் விண்டோஸிலிருந்து ஒரு கட்டளை போகும். அப்போதுதான் வேஷத்தைக் கலைத்து மோடமாக மாறும். லினக்ஸில் அந்தக் கட்டளையை அனுப்ப ஆளில்லை. அதற்காகவே யோசுவா டீட்சே என்பவர் 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சின்ன நிரலை எழுதி, மூலநிரலோடு இலவசமாகத் தந்திருந்தார்.

இனிதான் கூத்து. நெட் வர நிரல் வேண்டும், நிரலை இறக்க நெட் வேண்டும்! பென் டிரைவில் கொண்டுவந்து கம்பைல் செய்தால் 'லிப்யூஎஸ்பி இல்லை' என்றது. மறுபடி மின்சார ரயில், மறுபடி தாம்பரம். அதைக் கொண்டுவந்தால் வேறொன்று இல்லை. மூன்று நாளில் நான்கு நடை. தினமும் அப்பாவின் அதே கேள்வி, என் அதே பதில்.

மூன்றாம் நாள் இரவு கட்டளையை அடித்தேன். யூஎஸ்பி பட்டியலில் மோடத்தின் அடையாள எண் மாறியிருந்தது! அடுத்து, டயல் செய்ய 'டபிள்யூவிடயல்'. அழைக்க வேண்டிய எண் #777. அதன் அமைப்பில் 'ஸ்டுப்பிட் மோட் = 1' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கிண்டல் இல்லை மக்களே, நிஜமாகவே அப்படி ஒரு வரி உண்டு. மறுமுனை என்ன கேட்கிறது என்று யோசிக்காமல் நேராக இணைப்பைத் தொடங்கு என்று அர்த்தம். சேர்த்தேன். நெட் வந்தது.

அப்பா வந்ததும் சொன்னேன்.

"ரிப்பேருக்கு எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. யாரோ ஒருத்தர் சும்மாவே எழுதிக் குடுத்திருக்கார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னியா?"

எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மோடம் வழியாகப் போன முதல் மெயில் அந்த நன்றிதான்.

இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் மோடத்தைச் செருகினாலே போதும், வேஷம் தானாகக் கலைந்துவிடும். அந்த நான்கு நடை இனி யாருக்கும் தேவையில்லை. நீங்களும் இப்படி யாரோ எழுதிய நிரலைச் சும்மா பயன்படுத்திக்கொண்டிருந்தால், அப்பா கேட்ட கேள்வி உங்களுக்கும்தான்.