பேசாமல் இருந்ததற்கு என்ன பிரிவு?

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் வந்த ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனி. ஊரப்பாக்கத்திலிருந்து கம்பெனி வேனில் போய்வந்தவர் என் கட்சிக்காரர். சூப்பர்வைசர் மீது பாலியல் தொந்தரவுப் புகார் கொடுத்தார். அந்த வாரத்திலிருந்தே லைனில் ஒருவரும் அவரிடம் பேசவில்லை. வேனில் மூவர் சீட்டில் நால்வர் நெருக்கி உட்கார்ந்தார்களே தவிர, அவர் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. கேன்டீனுக்குப் போவதை விட்டார், தூக்கமும் போயிற்று. என் எதிரே உட்கார்ந்து, இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "நான் சொல்றது கேக்குதா மேடம்?" என்பார்.

கூட வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதிப்பேர் கான்ட்ராக்ட். ஓ.டி. யாருக்கு என்பது அந்த சூப்பர்வைசர் கையில்.

சட்டம் இல்லாமலில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, தொந்தரவையொட்டி வேலையில் குறுக்கிடுவதையும் பகையான சூழலை உண்டாக்குவதையும் கணக்கில் எடுக்கிறது. நிரூபிப்பதுதான் பாடு. திட்டினால் கேட்டவர் சாட்சி. பேசாததற்கு யார் சாட்சி? "அவங்களோட உக்காந்து சாப்பிடுன்னு நாங்க எப்படிங்க ஆர்டர் போடறது?" என்றது நிர்வாகம். நியாயமான கேள்விதான்.

பிடி கிடைத்தது அவர்களே கொடுத்த மெமோக்களில். தாமதமாக வந்ததற்காக மூன்று. ஷிப்ட் மாற்றம் லைன் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். போனை வாங்கிப் பார்த்தால், புகார் கொடுத்த நாலாம் நாள் இரவு சூப்பர்வைசரே அவரை நீக்கியிருக்கிறார். மெமோக்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. நேரம் மாறியதே தெரியாதவர் எப்படி நேரத்துக்கு வருவார்?

உள்ளகப் புகார்க் குழுவின் முன் வக்கீல் ஆஜராக விதி இடம் தருவதில்லை. மனுவோடு, தேதிவாரியாக ஒரு தாளும் எழுதிக் கொடுத்து, ஸ்கிரீன்ஷாட் போதாது, போனையே காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். குழுவில் வெளி உறுப்பினராக இருந்த அம்மா தாளையும் மெமோக்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். குரூப்பில் ஆள் அதிகமாகிவிட்டது என்று பதில். "எத்தனை பேரை எடுத்தீங்க?" "ஒருத்தரை."

மெமோக்கள் ரத்தாயின. சூப்பர்வைசர் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டார். ஷிப்ட் மாற்றத்தை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொன்னது குழு. கேன்டீன் பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை. என் கட்சிக்காரரே வேறு லைன் கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று பிறகு விசாரித்தேன். "முதல் நாளே ஒரு பொண்ணு ஊறுகாய் இருக்கான்னு கேட்டுச்சு மேடம்."