தொப்பி போட்ட மலை

ஆடித் திருவிழா முடிஞ்சு அண்டா குண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்த மறுவாரமே ஆளைக் காணோமே என்று கேட்டிருந்தீங்க. சாகில் போயிருந்தேன், லேடாங் மலை அடிவாரம். அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள்.

வழி கேட்டவங்களுக்கு முதல்ல அதைச் சொல்லிடறேன். ஜொகூர் பாருவில் இருந்து நெடுஞ்சாலையில் போய், தங்காக் டோலில் வெளியேறி சிகாமட் ரோட்டைப் பிடித்தால் போதும், மலையே வழி காட்டும். 1,276 மீட்டர், ஜொகூரிலேயே உயரமானது. அருவி வரைக்கும் படிக்கட்டு இருக்கு. மேலே வானம் கறுத்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீங்க. கீழே வெயில் அடிக்கும்போதே மலைவெள்ளம் இறங்கிடும்.

இனி சொல்ல வந்த விஷயம்.

அப்பாவுக்கு 75 வயசு. இந்த அடிவாரத்துத் தோட்டம் ஒன்றில்தான் பிறந்தார். 14 வயசில் உளி பிடித்தவர், 1977-ல் பாசிர் கூடாங் துறைமுகம் திறந்த சமயம் வேலை தேடி இங்கே வந்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்களையும் எங்கேயும் கூட்டிப் போனதில்லை. விடுமுறை முடிந்து வகுப்பில் எல்லாரும் கேமரன் மலை, பினாங்கு என்று கட்டுரை எழுதுவாங்க. நான் எழுதினதெல்லாம் பொய். "மலையில என்ன இருக்கு, கல்லும் மரமும்தான்" என்பார். ரசனை இல்லாத மனுஷன் என்றே நினைத்து வளர்ந்தேன். ஒருமுறை கோபத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கேன்.

முதல் நாள் காலை. ஹோம்ஸ்டே வாசலில் உட்கார்ந்தால் எதிரே பள்ளம் முழுக்க செம்பனை, அதுக்கு மேல வெள்ளைப் பனி, அதுக்கும் மேல மலை. நான் போனை எடுத்துப் படம் பிடிக்கிறேன். அப்பா உச்சியைப் பார்த்துவிட்டு, "தொப்பி போடல. இன்னிக்கு வெட்டு உண்டு" என்றார்.

அப்புறம் சொன்னார். லயத்தில் இருந்த காலத்தில் பெரட்டுக்குக் கிளம்பும்போதே எல்லாரும் மலையைத்தான் பார்ப்பாங்களாம். உச்சியில் மேகம் கவிழ்ந்திருந்தால் மழை வரும். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரத்து மேலேயே ஓடிடும், மங்கில் சேராது. வெட்டு இல்லை என்றால் அன்னிக்குக் கூலி இல்லை. இருட்டோடு போவதற்கும் காரணம் உண்டு: குளிர் நேரத்தில்தான் பால் நல்லா இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைஞ்சிடும். ஒரு ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். வெட்டி முடித்து, திரும்பவும் அதே நிரையில் நடந்து பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கி வந்து நிறுத்துப் போடணும்.

"அப்போ அருவிக்கு எப்பத்தான் போவீங்க?" என்று சின்னவன் கேட்டான்.

"எந்த அருவி?"

அருவி இருப்பது தெரியும், போனது கிடையாது. ரெண்டு கட்டை தூரம்தான். "ஞாயித்துக்கிழமையாவது போயிருக்கலாமே தாத்தா?" என்றான். "அன்னிக்கு விறகு யாருடா வெட்டுறது? கோயில் கூட்டுறது யாரு?" 1854-ல் வாலஸ் என்ற இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் பறவைகளையும் பூச்சிகளையும் தேடி மலாக்கா வழியாக வந்து இந்த மலையில் ஏறினார். அதைப் புத்தகத்திலும் எழுதினார். எங்க அப்பா 27 வருஷம் அடிவாரத்தில் இருந்தவர், அருவியைப் பார்த்ததில்லை.

மத்தியானம் பழைய தோட்டத்துக்குப் போனோம். வாசலில் காவலுக்கு நின்றவர் நேப்பாளத்துத் தம்பி. அனுமதி இல்லாமல் விட மாட்டேன் என்றார். அப்பா கை நீட்டி மலாயில், "சாயா சினி புன்யா ஓராங்" என்றார். அந்தத் தம்பி அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே எனக்கு எல்லாம் ஒரே செம்பனை. அப்பாவுக்கு அப்படி இல்லை. "அந்தா, ரெண்டு மாமரம் தெரியுதா? அது நாலாம் லயம். அந்தப் பலா கங்காணி வீட்டுது. முருங்கை நிக்குதே, ஆயாக்கொட்டகை." கோயில் இருந்த இடத்தில் அரசமரம் மட்டும் நின்றது. அடியில் சிமெண்டு மேடை, அதன்மேல் யாரோ வைத்த ஓர் அகல், திரி கருகி இருந்தது. வாரம் தவறாமல் கோயில் கூட்டுகிற கை சும்மா இருக்குமா, சருகை ஒதுக்கினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் சின்ன ஆறு ஓடியது. அங்கே போய் நின்றுகொண்டார். இங்கேதான் குளிப்பு, இங்கேதான் வாளி கழுவுவது, குடிக்கிற தண்ணீரும் இதேதான் என்றார்.

மறுநாள் அருவி. படிக்கட்டில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். மேலே பாறை பாறையாகத் தண்ணீர் இறங்குகிற இடத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டே குதித்தாங்க. அப்பா சிலுவாரை முழங்கால் வரைக்கும் சுருட்டி, காலை உள்ளே வைத்துவிட்டு, தண்ணீர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நம்ம லயத்து ஆறு இங்கிருந்துதான் வருது போல."

"ஆமாம்பா."

"ம்." கையில் அள்ளி ஒரு வாய் குடித்தார். "அதே ருசிதான்."

அவரை எழுப்பிக் கூட்டி வர ஒரு மணி நேரம் ஆச்சு. பழைய பேச்சுக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். காது கேட்காத மாதிரி இருந்துட்டார், அது அவர் வழக்கம்.

கிளம்புகிற அன்னிக்குக் காலையில் நான் பையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். உச்சி தெரியவில்லை, கறுப்பா மேகம் கவிழ்ந்திருந்தது.

"தொப்பி போட்டுருச்சு," என்று கிளாஸை என்னிடம் நீட்டினார். "இன்னொரு காப்பி கலக்கு பாப்பா, இன்னிக்கு வெட்டு இல்ல."