சமையல் மேடையும் ஒரு 'சரி'யும்

எங்கள் வீடு 1991-ல் கட்டியது. அலுவலகத்தில் வீட்டுக் கடன் வாங்கி, திருச்சியில் அரை கிரவுண்டு மனையில் எழுப்பிய சின்ன வீடு. அன்றைக்குச் சமையல் மேடை என்றால் எங்களைப் போன்றவர்களுக்குக் கடப்பா கல்தான். கிரானைட் எல்லாம் பெரிய பங்களாக்காரர்கள் சமாச்சாரம்.

அந்தக் கடப்பா கல் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது. அது சுண்ணாம்புக்கல் இனம். எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்தினால் உடனே வெளுத்துப் போகும். எங்கள் மேடை முழுக்க அப்படி வெளிறிய வட்டங்கள். என் மனைவி அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன வருஷம் தொட்டி ஓரத்தில் கல் விரிந்து, கீழே தண்ணீர் இறங்கி, கரப்பான் குடியேறிய பிறகுதான் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுக்கு நாலு வருஷமாகக் கண்ணில் கிளாக்கோமா. கண் நீர் அழுத்த நோய் என்பார்கள். போன பார்வை திரும்பாது; மேலும் போகாமல் சொட்டு மருந்து விட்டுத் தடுக்கலாம், அவ்வளவுதான். எழுத்து படிக்கிறாள், டி.வி. பார்க்கிறாள். ஆனால் மங்கலான வெளிச்சத்தில் ஒரே நிறத்துப் பொருள்களைப் பிரித்தறிவது சிரமம். கறுத்துப்போன கடப்பா மேல் கடுகு சிந்தினால் தெரியாது. தண்ணீர் நின்றால் தெரியாது. கத்தியை வைத்த இடம் தெரியாது. முட்டிவலியால் அரிவாள்மனையை விட்டு நாளாகிவிட்டது. நறுக்குவது, ஆய்வது, அளப்பது எல்லாம் மேடையில்தான்.

புறவழிச்சாலையில் வரிசையாகக் கிரானைட் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே ஒன்றுக்குப் போனோம். ஆளுயரப் பலகைகளைப் புத்தகம் போல சாய்த்து அடுக்கியிருந்தார்கள். நான் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி மாதிரித் துண்டுகளை மேஜை மேல் வைக்கச் சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கடுகு, மிளகு, உளுந்து. ஒவ்வொரு கல்லின் மேலும் கொஞ்சம் தூவி, குனிந்து பார்த்தாள். ஒரு துளி தண்ணீரும் விட்டுப் பார்த்தாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "இருவது வருஷமா கடை வச்சிருக்கேன், இப்படி யாரும் கல்லு பார்த்ததில்லைம்மா."

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது காஷ்மீர் ஒயிட். வெளிர் சாம்பல் கலந்த வெள்ளை, நடுவே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. "பேருதான் காஷ்மீர், எடுக்கிறது நம்ம தமிழ்நாட்டுலதான்" என்றார் கடைக்காரர். நேர்மையான மனிதர், ஒரு எச்சரிக்கையும் சொன்னார். "இந்தக் கல்லு கொஞ்சம் உறிஞ்சும்மா. எண்ணெய், மஞ்சள் பட்டா கறை நிக்கும். சீலர் அடிச்சு, அப்பப்ப மறுபடியும் அடிக்கணும். கருப்பு போட்டீங்கன்னா இந்தத் தொல்லையே இல்ல."

"கறை தெரிஞ்சா தெரியட்டும். தெரியறதுதானே எனக்கு வேணும்" என்றாள் அவள்.

ஒன்பது அடி ஒரு பக்கம், ஏழு அடி ஒரு பக்கம், எல் வடிவம். இரண்டடி அகலம். மூலையைக் கழித்தால் 28 சதுர அடி. பில்லில் கல்லின் பெயரை எழுதி வாங்கினேன். முப்பத்தாறு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு அந்தப் புத்தி இல்லாமல் போகுமா?

வேலை நடக்க வேண்டிய நாளில் தஞ்சாவூரில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். பழைய கல்லைப் பெயர்க்கும் தூசியில் இருப்பதற்கு, கல்யாணத்தில் இருக்கலாமே என்று சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். இதுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு முகூர்த்தத்தில் நடந்தது. தாலி கட்டும் நேரம், கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். போன் அடித்தது. மேஸ்திரி. "சார்... கல்லு... போட்டுரலாமா?" என்று மட்டும் காதில் விழுந்தது. "சரி, சரி, போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், அடுக்களையில் கன்னங்கரேலென்று மேடை. குழல்விளக்கு அதில் இன்னொரு விளக்காக மின்னிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த முதல் நொடியில் எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. பிறகுதான் திரும்பி அவளைப் பார்த்தேன். மேடை மேல் உள்ளங்கையை வைத்து, மூலை வரை மெல்லத் தடவிக்கொண்டே போனாள்.

"நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சார், நீங்க எடுத்த பலகையில ஒரு விரிசல் இருந்துச்சு, வெட்டும்போதுதான் தெரிஞ்சது. வேற வெள்ளை வர பத்து நாள் ஆகும். கருப்பு இருக்கு, அதே விலைக்குப் போட்டுரலாமான்னு மேஸ்திரி உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே போட்டாரு? விலை கூடுன கல்லு சார் அது, விழுப்புரம் மாவட்டம் குன்னத்துக் கருப்பு."

போனை எடுத்துப் பார்த்தேன். முந்தைய நாள் காலை 9.52. நாற்பத்தொரு விநாடி பேசியிருக்கிறேன்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மனைவி "என்ன சொல்றார்?" என்று கேட்டபோது, "அவங்க தப்பாப் போட்டுட்டாங்களாம், பேசறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த நாற்பத்தொரு விநாடியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் நான் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றினால் என்ன ஆகும்? கல் சிமெண்டுக் கலவையில் பதிந்திருக்கிறது. முழுசாக வராது, உடையும். சுவர் டைல்ஸின் அடிவரிசை பெயரும். தொட்டியைக் கழற்ற வேண்டும். மறுபடி ஒரு வாரம் தூசி, ஓட்டல் சாப்பாடு. மாற்றாவிட்டால்? ஒன்றும் செலவில்லை. கருப்பு கறை பிடிக்காது. எலுமிச்சை பட்டாலும் ஒன்றும் ஆகாது. அவளே வேறு எனக்கு ஆதரவாகப் பேசினாள். "அரிசி, உப்பு, ரவை எல்லாம் கருப்புல பளிச்சுன்னு தெரியுதுங்க. பழகிடும்."

நோட்டில் 'மாற்ற வேண்டாம்' பக்கம்தான் நீளமாக இருந்தது. நானும் கிட்டத்தட்டத் தீர்மானித்துவிட்டேன்.

ஒரு நாள் விடியற்காலை தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேடையின் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. என் பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தைத்தது. அதன் மேல் பலகை, கத்தி, கத்தரிக்காய். துணியின் நான்கு ஓரத்திலும் நகராமலிருக்க டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள். நறுக்கி முடித்ததும் துணியை உதறி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு, வெறும் கல்லை உள்ளங்கையால் தடவினாள். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். கண்ணால் அல்ல, கையால்.

அந்தத் துணி ஒரு நாளில் முளைத்ததல்ல. நான் எழுந்திருப்பதற்கு முன்னால் தினமும் விரித்து, தினமும் எடுத்து வைத்திருக்கிறாள்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சொன்ன 'இருக்கட்டும்'களை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். ஜன்னல் மேற்கே வேண்டும் என்றாள், செலவு என்றேன், இருக்கட்டும் என்றாள். எனக்கு மாற்றல் வந்தபோது அவள் டெய்லரிங் வகுப்பைப் பாதியில் விட்டாள், இருக்கட்டும் என்றாள். நான் ஒவ்வொன்றையும் சம்மதம் என்று வரவு வைத்துக்கொண்டேன். அது சம்மதம் இல்லை, அவள் கையிலிருந்து போன செலவு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காபி குடித்து முடித்ததும் சொல்லிவிட்டேன். "கல்லு மாறினதுக்கு நான்தான் காரணம். மேஸ்திரி கேட்டான், நான் சரின்னுட்டேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"எப்படி?"

"உங்க பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன். சரி சரி, போடுங்கன்னு கத்தினீங்களே. வந்து கல்லைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் கேக்கலை?"

"கேட்டா நாலு நாள் உங்களுக்குச் சோறு இறங்காது. அதான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இப்ப என்ன பண்ணலாம்? நீ சொல்லு" என்றேன். மேடை விஷயத்தில் நான் அவளை இந்தக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

யோசிக்கவே இல்லை, உடனே சொன்னாள். "முழுசா வேண்டாம். ஒன்பதடிப் பக்கம் அடுப்பும் தொட்டியும் இருக்கு. அங்க கருப்பே நல்லது, எண்ணெய் மஞ்சள் ஒட்டாது. அலமாரிக்கு அடியில ஒரு விளக்கு போட்டாப் போதும். நறுக்கறது ஆயறது இந்தப் பக்கம். இந்த அஞ்சடி மட்டும் வெள்ளையா மாத்துங்க."

"இது இன்னொரு இருக்கட்டும் இல்லையே?"

சிரித்தாள். "இல்லை. மூணு வாரமா இங்கதானே நிக்கறேன், யோசிக்காமலா இருப்பேன்?"

என் நோட்டில் இந்த வழியே இல்லை. எல்லாவற்றையும் மாற்றுவது அல்லது ஒன்றையும் மாற்றாதது, இரண்டே இரண்டு பக்கம்தான் அதில் இருந்தது.

கடைக்குப் போய், நான் அவசரத்தில் சரி சொன்னது உண்மைதான் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். சண்டைக்குத் தயாராக இருந்த கடைக்காரர் முகம் மாறிவிட்டது. "தப்பு எங்க மேலயும் இருக்கு சார். பில்லுல ஒண்ணு எழுதியிருக்கும்போது போன்ல கேட்டு மாத்தியிருக்கக் கூடாது. அதுவும் அம்மா கடுகு தூவிப் பார்த்து எடுத்த கல்லு." பத்து சதுர அடிக் கல்லை அடக்க விலைக்குத் தந்தார். கூலியும் டைல்ஸ் செலவும் என்னுடையது. இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.

வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. இந்த முறை நாங்கள் எங்கும் போகவில்லை. தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. பார்க்க வந்தவர்கள் "புது மாடலா?" என்கிறார்கள். பெயர்த்ததில் ஒரு மூன்றடித் துண்டு உடையாமல் வந்தது. கொல்லையில் செங்கல் மேல் வைத்து அதில்தான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.

வீட்டு வேலை செய்யப்போகும் நண்பர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். தேர்ந்தெடுத்த பலகையின் மேலேயே சாக்பீஸால் பெயரெழுதி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் முன் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் காயத் தாமதமாகும். கல் பதிக்கும் நாளில் வீட்டில் இருங்கள். வெளிர் கல் என்றால், சீலர் அடித்தபின் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி, கல் கறுத்தால் மறுபடி அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அடுக்களையில் யார் நிற்கிறார்களோ அவர்களைக் கேளுங்கள். 'இருக்கட்டும்' என்று பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

முதல் வாரமே வெள்ளைக் கல்லின் மூலையில் நாலணா அளவுக்கு ஒரு மஞ்சள் கறை விழுந்துவிட்டது. சோடா மாவைக் குழைத்துப் பூசிப் பார்த்தேன், போகவில்லை. "விடுங்க, கண்ணுக்குத் தெரியுதே, அது போதும்" என்கிறாள்.

வேட்டித் துணி இப்போது ஜன்னல் துடைக்கப் பயன்படுகிறது. எனக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. போனில் யாராவது "போட்டுரலாமா, பண்ணிடலாமா" என்றால், "ஒரு நிமிஷம் இருங்க, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்கிறேன். நேற்று கேஸ் கம்பெனிப் பையனிடமும் அதையே சொன்னேன். சிலிண்டரை உள்ளே வைப்பதற்கு.