பாக்ஸர் வேணும்ப்பா!

நாய் வாங்கும் விஷயத்தில் மூன்று கட்சிகள் உண்டு. கேட்பது பிள்ளைகள். காசு கொடுப்பது அப்பா. வளர்ப்பது..? அந்த மூன்றாவது கட்சியை யாரும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவதே கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் அப்பா ஆபீஸுக்கும் கிளம்பிய பிறகு தட்டைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, வராந்தாவில் போய் வைத்ததை அள்ளிப் போடுகிற கட்சி அது. அநேகமாக அம்மாவோ பாட்டியோதான் அதன் தலைவர், செயலாளர், ஒரே தொண்டர் எல்லாம்.

எங்கள் வீட்டில் இந்தப் பிரச்னையைக் கிளப்பியது கோயமுத்தூர் நண்பர். அவர் வீட்டு பாக்ஸர் குட்டி போட்டிருந்தது. "உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கவா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு" என்று போனில் போட்டோ அனுப்பினார். போட்டோவை நான் பார்ப்பதற்கு முன்னால் மூத்தவன் பார்த்துவிட்டான். மூன்றாம் வகுப்பு. அவன் தோள் மேலேறிச் சின்னவளும் பார்த்துவிட்டாள். யு.கே.ஜி.

"பாக்ஸர் வேணும்ப்பா!"

அன்றைக்குச் சாப்பாடு, ஹோம்வொர்க், தூக்கம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினால்தான் என் மண்டையில் ஏறும். நோட்டை எடுத்து நடுவே கோடு போட்டேன்.

வரவுப் பக்கம் வேகமாக நிரம்பியது. பாக்ஸர், ஜெர்மனிக்காரர்கள் உருவாக்கிய இனம். காட்டுப்பன்றி, கரடி மாதிரி மிருகங்களைக் கவ்விப் பிடித்து, வேட்டைக்காரர் வருகிறவரை விடாமல் வைத்திருக்கும் பழைய நாய் இனத்தோடு இங்கிலாந்து புல்டாகைச் சேர்த்து வந்தது. 1890-களில் மியூனிக் நகரத்தில் அதற்கென்று கிளப்பே ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ் வேலை பார்த்திருக்கிறது. முதல் உலகப் போரில் தகவல் சுமந்து ஓடியிருக்கிறது. இத்தனை வீரதீரம் செய்த பிராணி, குழந்தைகளைக் கண்டால் மட்டும் கோமாளியாகிவிடும். வளர்ந்த பிறகும் இரண்டு, மூன்று வயது வரைக்கும் குட்டிப் புத்தி போகாது. பிள்ளைகளோடு ஓடும், உருளும். வீட்டுக்கு அந்நியர் வந்தால் நிமிர்ந்து நிற்கும். குடும்பத்துக்கு ஏற்ற நாய் என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர் இருப்பதில் பொய் இல்லை.

பிறகு பற்றுப் பக்கத்துக்கு வந்தேன்.

முதல் பதிவு எடை. வளர்ந்த பாக்ஸர் இருபத்தைந்து, முப்பது கிலோ இருக்கும். எங்கள் சின்னவள் பதினேழு கிலோ. அது கடிக்க வேண்டாம் சார், அன்பாக ஓடி வந்து ஒரு தட்டு தட்டினாலே அவள் சமையலறையில் போய்த்தான் எழுந்திருப்பாள். குட்டியிலிருந்தே 'மேலே தாவாதே' என்று பழக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை ஆறு மாதம் விடாமல் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

இரண்டாவது பதிவு வைத்தியம். இதயத் துடிப்புக் கோளாறும் சில வகைக் கட்டிகளும் இந்த இனத்துக்குக் கொஞ்சம் அதிகம். வெள்ளை நிறக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது. நாய் என்பது ஒரு தரம் காசு போட்டு முடிக்கிற முதலீட்டுச் செலவு இல்லை. பத்து வருஷத்துக்கு நடப்புச் செலவு. குட்டி சும்மா கிடைத்தாலும் இதுதான் கணக்கு.

மூன்றாவது பதிவில்தான் பேனா நின்றது. மூக்கு.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு அந்தப் பாக்கியம் கிடையாது, பாதத்தில் மட்டும் கொஞ்சம். சூட்டை இறக்க அதற்கு இருக்கிற முக்கிய வழி, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவது. மூக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரத்தின் மேல் காற்று ஓட ஓட உள்ளே உஷ்ணம் குறையும். நீள மூக்கு நாய்க்கு இது சுலபம். பாக்ஸருக்கு மூக்கை யாரோ கதவில் வைத்து நசுக்கின மாதிரி. காற்றுப் போகிற வழி குறுகல், ஈரப் பரப்பும் குறைவு. எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் போதாது. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. எச்சில் கெட்டியாக வழியும், ஈறு செக்கச் செவேலென்றாகும், கால் தள்ளாடும். அப்போது நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போட்டு, மாட்டாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஜெர்மனியில் இது கோடைக்கால அறிவுரை. கோவில்பட்டியில்? எங்கள் ஊர்க் கரிசல் மண்ணை உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் செருப்பை வாங்கி வைத்துக்கொள்ளும். வெயில் அடித்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தெருவில் காக்காய் கூடத் தெரியாது. இங்கே தீப்பெட்டித் தொழில் வளர்ந்ததற்குக் காரணமே காய்ந்த காற்றும் மழை குறைந்த நிலமும்தான். தீப்பெட்டிக்கு வாய்த்த ஊர் பாக்ஸர் மூக்குக்கு வாய்க்குமா?

நண்பரிடம் கேட்டேன். "ஒரு ஏ.சி. மாட்டிடுப்பா, சிம்பிள்" என்றார். எங்கள் வீட்டில் மனிதர்களே ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துப் படுக்கிறோம். அது போகட்டும், ஏ.சி. ரூமுக்குள் நாயை விட்டுக் கதவைச் சாத்துவதும், கரண்ட் போனால் ஓடிப் போய்த் திறப்பதும் யார்?

மூன்றாவது கட்சி அப்போதுதான் வாயைத் திறந்தது. அதாவது என் அம்மா.

"நாயைக் கொண்டாந்து விட்டுட்டு நீங்க எல்லாரும் போயிருவீக. நானும் அதுவும் மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும்? முப்பது கிலோ இழுத்தா என் மூட்டு தாங்குமாய்யா?"

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. அந்த ஒரு வரியில் என் நோட்டில் இல்லாத கணக்கு இருந்தது. வேலைக்குப் போகிற நண்பர்களே, நாய் வாங்கும்போது 'எந்த ஜாதி, என்ன கலர்' என்பதெல்லாம் அப்புறம். மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார், அப்போது வெயில் எவ்வளவு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். அந்த நேரத்துக்கும் அந்த ஆளுக்கும் ஒத்துவருகிற நாய்தான் உங்கள் நாய்.

நாமோ முகத்தைப் பார்த்து மயங்குகிற ஜனம். 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் பக் நாய் ஒன்று ஒரு பையன் பின்னாலேயே ஓடியது. அவ்வளவுதான், நாடு முழுக்க எல்லோருக்கும் அந்த நாய் வேண்டியிருந்தது. அது மூச்சு விடப் படுகிற பாடு விளம்பரத்தில் வரவில்லை. 2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று பக், பிரெஞ்ச் புல்டாக், சைபீரியன் ஹஸ்கி முதலிய இனங்களைப் பட்டியல் போட்டார்கள். வழக்கும் வந்தது. அந்தப் பட்டியலில் பாக்ஸர் இல்லை. ஆனால் பட்டியலில் இல்லை என்பதற்காக வெயில் குறையப்போவதில்லை.

"அப்ப நமக்கு நாயே கெடையாதா?" சின்னவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

கழுகுமலைப் பக்கம் ஆடு வைத்திருக்கும் என் மாமனார் சிரித்தார். "மாப்ள, நாயைத் தேடிக் கோயமுத்தூர் போகணுமா? உலகமே தேடி வர்ற ஊர்ல உக்காந்திருக்கோம்."

உண்மைதான். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பக்கத்து விருதுநகர் மாவட்டம். கன்னி நாய்க்கு எங்கள் கரிசல்காடே சொந்த ஊர். 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை போட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லியே பேசினார். நீள மூக்கு, ஒட்டிய வயிறு, குட்டை முடி. எல்லாம் இந்த வெயிலிலேயே தயாரான சரக்கு.

ஆனால் நம்ம ஊர் நாய் என்பதற்காகப் பற்றுப் பக்கத்தைக் காலியாக விட முடியுமா? கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்ட வளர்த்த ஓட்டக்கார நாய்கள். முயல் வேட்டை சட்டப்படி இப்போது குற்றம். ஆனால் சட்டம் வந்தது நாயின் காலுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கோழி ஓடினால் இதுவும் ஓடும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் குணம் கெடும். அந்நியரிடம் சட்டென்று ஒட்டாது. அதனால் குட்டியிலேயே நாலு பேரை, நாலு பிள்ளைகளைப் பார்த்துப் பழக வேண்டும். விலா எலும்பு தெரிகிற உடம்பு என்பதால் 'நாய்க்குச் சோறே போடறதில்லையா?' என்று வருகிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். அதற்கும் பதில் தயாராக வேண்டும். ஒரு நல்ல விஷயம், பாக்ஸரை விடக் கனம் குறைவு. காலையில் ஆறு மணிக்குக் கண்மாய்க் கரையில் நானும் மூத்தவனும் ஓடவிட்டுக் கொண்டுவந்தால், மத்தியானம் அது தூங்கும், அம்மாவும் தூங்கலாம்.

எந்த நாயானாலும் பொதுவான சட்டங்கள் சில உண்டு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து விதியே இருக்கிறது. தாய் நாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சின்னக் குழந்தையையும் நாயையும், எவ்வளவு சாது நாயானாலும், தனியாக விட்டுவிட்டு நகராதீர்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நாய் கடித்தாலோ கீறினாலோ வீட்டில் அடி விழும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். வெறிநாய்க் கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காட்டினார். 1907-லேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை, இப்போது கையில்தான். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. குட்டி கீறினாலும் இதே சட்டம்தான். என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: "கடிச்சதைச் சொன்னா திட்டே கிடையாது, ஐஸ்கிரீம் உண்டு." ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகுதான் ஐஸ்கிரீம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இல்லாவிட்டால் சின்னவள் தினம் ஒரு கடியோடு வந்து நிற்பாள்.

சனிக்கிழமை ராத்திரி நண்பருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். அந்தக் குட்டி ஊட்டியில் ஒரு தோட்டம் வைத்த வீட்டுக்குப் போயிற்று. அதற்கும் அதுதான் நல்ல வரன்.

மாமனார் ஊரில் ஐந்து கன்னிக் குட்டிகள். ஓடி வந்து மேலே விழுந்த ஒன்றையும், மூலையில் பதுங்கிய ஒன்றையும் ஒதுக்கினோம். பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பிப் பார்த்த ஒரு பெட்டைக்குட்டி நிதானமாக நடந்து வந்து முகர்ந்தது. யாரை என்கிறீர்கள்? என்னையும் இல்லை, பிள்ளைகளையும் இல்லை. வேப்பமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கால் விரலை.

"ச்சீ, போ அந்தப் பக்கம்" என்றார் அம்மா. காலை மட்டும் எடுக்கவில்லை.