மூடிய பின்னும்

திருவொற்றியூர் டோல்கேட்டில் என் வாப்பா சக்கரப் பட்டறை நடத்தி வந்தார்கள். ஒருநாள் படகு ஏற்றும் டிரெய்லர் ஒன்று பேரிங் இரைச்சலோடு வந்தது. நான் உருளைகளை மட்டும் மாற்றினேன். தேய்ந்த வெளிவளையத்தையும் பழைய சீலையும் அப்படியே விட்டு, கிரீஸ் அடைத்து மூடிவிட்டேன்.

வாப்பா சக்கரத்தைச் சுழற்றிச் செவி சாய்த்தார்கள்.

"கழற்று! ஓடிச் சூடேறிய சக்கரம் கடலில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை இழுக்கும். தேய்ந்த சீல் அதைத் தடுக்குமா? வளையமும் உருளையும் ஜோடியாகவே மாற வேண்டும். சக்கரம் கழன்றால், சாலையில் போகிறவன் என்ன பாவம் செய்தான்?"

தலைகுனிந்து கழற்றினேன். கூடுதல் கூலி வாங்கவில்லை.

இன்று வாப்பா இல்லை. 2021 இல் டோல்கேட்டுக்கு மெட்ரோ நிலையமும் வந்துவிட்டது. ஆயினும், மூடிய பின் எவரும் பார்க்கவியலாத வேலையைச் செய்யும்போதெல்லாம், அந்தச் செவி அருகில் சாய்ந்திருப்பதாகவே உணர்கிறேன்.