லொறி பிடித்த கதை

வீடு மாறுகின்றவர் முதலில் விசாரிப்பது செல்லுமிடத்துக் கிணற்றையும் அயலவரையும் பற்றியே. சாமான் ஏற்றும் லொறியின் நினைவு கடைசியிலேதான் வருகின்றது. நாமும் அதற்கு விலக்கல்லேம். வவுனியாவுக்கு இடமாற்றக் கடிதம் கிடைத்தது. தை மாதத்திற் கடமையேற்க வேண்டும். மார்கழியிற் குடிபுகுதல் ஆகாதென்று எம் தாயார் ஒரே பிடியாய் நின்றமையால், கார்த்திகை முடியுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலை விட்டுப் புறப்படுவதென முடிவாயிற்று. அதற்கு முந்திய புதன்கிழமைதான் லொறிப் பேச்சு எழுந்தது.

மேலைநாடுகளில் லொறியை மாத்திரம் வாடகைக்குப் பெற்றுத் தாமே ஓட்டிச் செல்வாருளர். இங்கே லொறி சாரதியுடன் வரும். ஏற்றி இறக்குவதை நாம் பார்த்துக்கொள்ளலாம். மைத்துனரும் பழைய மாணவர் மூவரும் கைகொடுக்க முன்வந்தமையாற் கூலியாட்செலவு மிச்சமாயிற்று. எத்தகைய லொறி என்பதே எஞ்சிய வினா.

‘பட்டா’ என்று எல்லோரும் வழங்கும் சிறு வாகனத்தையே நாம் மனத்திற் கொண்டிருந்தோம். வாடகை குறைவு, ஒழுங்கைக்குள் நுழைந்து வாசல்வரை வந்துவிடும். மைத்துனர் சிரித்தார். முற்றத்து மணலிலே தடியினால் ஏழடி நீளமும் ஐந்தடி அகலமுமாக ஒரு கட்டம் கீறி, “இதுதான் அத்தான், பட்டாவின்ரை தட்டு. இதுக்குள்ளை உங்கடை வீட்டை வையுங்கோ பாப்பம்” என்றார். அலுமாரியையும் கட்டில்களையும் அளந்து அதனுள் அடக்கிப் பார்த்தோம். புத்தகப் பெட்டிகளுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடமே இல்லை. பாரமும் அவ்வாறே. முக்கால் தொன்னுக்கு மேல் அச்சிறு வண்டியில் ஏற்றுதல் தகாது. ஆசிரியர் வீட்டுப் புத்தகங்களோ இரும்புக்கு நிகர்.

இரண்டு முறை ஏற்றலாமே என்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். வெறுமையாய்த் திரும்பும் தூரத்துக்கும் லொறிக்காரர் பணம் கேட்பர். ஆகவே ஒரு நடைக்கு 280 கிலோமீற்றர், இரு நடைக்கு 560. குறைந்த வாடகை என்று எண்ணியது அந்தக் கணக்கிலேயே கரைந்துபோயிற்று. முதலில் விசாரித்த ஒருவர் மலிவாகச் சொல்லியபின், காத்துநிற்கும் நேரத்துக்கு வேறு, தறப்பாளுக்கு வேறு என்று ஒவ்வொன்றாய்க் கூட்டினார். இவற்றையெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுதல் நன்று. ஈற்றிற் பத்தரை அடி லொறியொன்றைப் பேசி முடித்தோம்.

அன்றிரவு தாயார், “ஆட்டுக்கல்லையும் கணக்கிலை சேர்த்தியோ தம்பி?” என்று கேட்டார்.

சேர்க்கவில்லை. பின்வளவிற் கிடக்கும் அக்கல்லை இருவர் பிடித்தாலும் அசைத்தல் அரிது. மாவரைக்க மின்சார யந்திரம் இருக்கின்றதே, கல்லை யாருக்கேனும் கொடுத்துவிடலாம் என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. சற்றுப் பொறுத்து, “தொண்ணூற்றைஞ்சிலையும் விட்டிட்டுத்தானே போனனாங்கள்” என்றார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறிய போது எமக்குப் பதின்மூன்று வயது. எரிபொருளுக்குத் தடையிருந்த காலம். லொறி பிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. எமக்கிருந்தது தந்தையாரின் சைக்கிள் ஒன்று. அதிலே அரிசி, இரண்டு பாய், பத்திரங்கள் வைத்த தகரப்பெட்டி ஆகியவற்றைக் கட்டினோம். கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தை அடி அடியாக நகர்ந்து கடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குள் கதவுகூட இருக்கவில்லை. ஆட்டுக்கல் மாத்திரம், எவராலும் தூக்க முடியாதமையாற் போலும், கிடந்த இடத்திலே கிடந்தது. தாயார் அதன் குழியில் நின்ற மழைநீரை வழித்தெறிந்துவிட்டு அதன்மேல் அமர்ந்து அழுததை நாம் கண்டோம். கண்டவர்கள்தாம் அதை யாருக்கேனும் கொடுக்கலாம் என்று சொன்னோம்.

மறுநாட் காலை லொறியை மாற்றினோம். பத்தரை அடியில் ஏற்கெனவே இடம் முட்டிப்போயிருந்தமையாற் பதினாலரை அடி லொறி வேண்டியதாயிற்று. மேலதிக வாடகை எமது கையைக் கடிக்கவே செய்தது. அது ஒழுங்கைக்குள் திரும்பாது, சந்தியில் நிற்கும். கடைக்காரர் ஒருவரிடம் தள்ளுவண்டில் இரவல் வாங்கி, எல்லாவற்றையும் சந்திவரை உருட்டிச் சென்றோம். சாரதி அநுபவசாலி. “மாஸ்ரர், பாரமான சாமான் முன்னுக்கு வரவேணும், பின்னுக்கு வைச்சால் வண்டி தலையைத் தூக்கும்” என்று சொல்லி, கல்லை முதலில் ஏற்றுவித்தார். புத்தகப் பெட்டிகளை இருபுறமும் சமமாகத் தளத்திற் பரப்பினோம். குளிர்சாதனப் பெட்டியைச் சரிக்காமல் நிமிர்த்தியே கட்டினோம். மாணவர்களின் கால்சட்டைகள் சேற்றில் ஊறிப்போயின. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

தாயாரும் நாமும் சாரதியின் பக்கத்தில் அமர்ந்தோம். செம்மணி கடந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் லொறியை ஓரமாக நிறுத்தித் தறப்பாளை இழுத்துக் கட்டச் சாரதி இறங்கினார், நாமும் இறங்கினோம். தாயார் கண்ணாடியைக் கீழிறக்கி, “கல்லு நனையாமல் மூடியிருக்கோ எண்டு ஒருக்காப் பார், தம்பி” என்றார்.

சில்லின்மேற் காலூன்றி ஏறிப் பார்த்தோம். மூடித்தான் இருந்தது.